கூடம் கோணலா, ஆட்டம் கோணலா: ரிவால்வர் குறி தப்பும்போது எங்கே பார்ப்பது?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வந்தார். புதிதாக உரிமம் வாங்கியவர். கையில் கான்பூர் ஆர்டனன்ஸ் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர். பத்து மீட்டரில் ஆறு குண்டு சுட்டார். ஐந்து, கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடப்பக்கம் போய் விழுந்தன. ஒன்று மட்டும் வலப்பக்கம் தனியாக இருந்தது. துப்பாக்கியைத் திறந்து, காலி செய்து, மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், பேக் சைட்டே கோணலா கீது சார். அரம் போட்டு ராவிக் குடுக்கற ஆள் யாரையாவது தெரியுமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் கூடமே கோணலாக இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். நானும் போனவன்தான், அங்கே ஆயுதப் பயிற்சி கொடுத்தவன். அத்தனை வருடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு ஒன்று உண்டு. கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்காமலே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். ராவின இரும்பு திரும்ப வளராது. கையில் இருக்கும் பிழையைத் துப்பாக்கியில் திருத்தினால், கை சரியாகும் நாளில் துப்பாக்கி தப்பாகிவிடும்.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை: முதலில் துப்பாக்கியையும் கையையும் தனித்தனியாகச் சோதிப்பது, பிறகு கை, கண், இயந்திரம். சைட்டை, அதாவது குறி பார்க்கத் துப்பாக்கியின் முன்னும் பின்னும் உள்ள மேடுகளை, தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

தொடங்கும் முன்

சுட்டுப் பழகுவது அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்தான். மாந்தோப்பிலோ பாலாற்று மணலிலோ "ஒரே ஒரு ரவுண்டு" என்று இறங்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் உங்கள் உரிமத்தின் பின்னால் நிற்கின்றன. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு உரிமம் பற்றிய காரியமெல்லாம் அவரவர் கலெக்டர் அலுவலகத்தில்தான்.

கையில் எடுத்ததும் திறந்து பாருங்கள். தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் ஆறு அறையும் காலியா என்று கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலாலும் தொட்டுப் பாருங்கள். குழாய் (பேரல்) முனை எப்போதும் டார்கெட் பக்கம். சுடும் நொடி வரை விரல் டிரிகரில் போகக் கூடாது. காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி. ரிவால்வருக்கென்றே இன்னொரு விதியும் உண்டு: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கும், சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத்தூளும் பக்கவாட்டில் சீறும். இடது கைக் கட்டை விரலோ மற்ற விரல்களோ சிலிண்டரின் முன் விளிம்பைத் தாண்டி இருக்கவே கூடாது.

பழைய தோட்டா வைத்திருப்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக, 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் வெடிக்கும். டிரிகர் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை டார்கெட் பக்கமே வைத்து முப்பது விநாடி பொறுத்து, அதன் பிறகு திறவுங்கள்.

முதல் சோதனை: மணல் மூட்டை

ஏழு அல்லது பத்து மீட்டரில் நில்லுங்கள். இருபத்தைந்துக்கு இப்போது அவசரமில்லை. மேசைமேல் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் இரண்டு மணிக்கட்டையும் அமர்த்துங்கள். துப்பாக்கியின் அடிப்பாகம் மூட்டையில் படக் கூடாது. பட்டால் அது துள்ளும் விதமே மாறிவிடும். தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்து சிங்கிள் ஆக்‌ஷனில், அவசரமில்லாமல் ஆறு சுடுங்கள். ஒவ்வொரு குண்டு விழுந்த இடத்தையும் அது எத்தனையாவது என்ற எண்ணோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு இன்னொரு ஆறு, அதே மாதிரி.

ரிவால்வரில் ஆறு அறை என்றால் ஏறக்குறைய ஆறு துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையும் தானே சுழன்று வந்து பேரலுக்கு நேரே நிற்க வேண்டும். ஓர் அறை மட்டும் மயிரிழை விலகி நின்றாலும், அந்த அறையிலிருந்து வரும் குண்டு மட்டும் தனியாக ஓடும். அதனால் சுடும் முன் ஓர் அறைக்கு நேரே சிலிண்டரின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். எப்போதும் அந்த அறையிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு சுற்றிலும் அதே எண் குண்டு தனித்து ஓடினால் அறையில் கோளாறு. வேறு வேறு எண் ஓடினால் கையில்.

அந்தத் தம்பியை மூட்டைமேல் சுடவைத்தேன். இரண்டு சுற்று, பன்னிரண்டு குண்டு. பத்து, டார்கெட்டின் நடுவே உள்ளங்கைக்குள் அடங்கின. கீழே இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு முறையும் நான்காவது குண்டு வலப்பக்கம் ஓடியது. ஆட்டமும் கோணல், கூடமும் ஒரு மூலையில் கோணல். பேக் சைட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் அவர் ராவப் பார்த்தார்.

டார்கெட்டைப் படிப்பது

குண்டுகள் நெருக்கமாக, ஆனால் நடுவை விட்டு ஒரே இடத்தில் விழுந்தால் உங்கள் கை நன்றாகவே வேலை செய்கிறது. சைட், தோட்டா, குறி வைக்கும் இடம் இவற்றில் ஏதோ ஒன்று மாற வேண்டும். எங்கும் சிதறினால் சைட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிடி, டிரிகர், கண் மூன்றையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்ட கோடு போல விழுந்தால் முன் சைட்டின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அல்லது மூச்சு ஓடும்போது சுடுகிறீர்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம் போல நீண்டிருந்தால் குண்டு சரியாகச் சுழலாமல் புரண்டு போகிறது; பேரலில் ஈயம் படிந்திருக்கலாம், குண்டின் அளவு பொருந்தாமலும் இருக்கலாம்.

பல ரேஞ்சுகளில் ஒரு வட்டப் படம் மாட்டியிருப்பார்கள். கீழே இடப்பக்கம் விழுந்தால் இந்தத் தவறு, வலப்பக்கம் விழுந்தால் அந்தத் தவறு என்று துண்டு துண்டாக எழுதியிருக்கும். வலக்கைக்காரர் ஒற்றைக் கையால் சுடும் முறைக்காக வரைந்த படம் அது. இரண்டு கையால் பிடிப்பவர்களுக்குப் பாதிதான் பொருந்தும். மருந்துச் சீட்டு மாதிரி அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதில் ஒரு பகுதி உண்மை: வலக்கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் குண்டுகள் குவிந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு டிரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம்.

டிரிகர்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

டபுள் ஆக்‌ஷனில் (ஹேமரை முன்பே இழுத்து வைக்காமல், டிரிகரை மட்டும் இழுத்துச் சுடும் முறை) பெரும்பாலான ரிவால்வர்களின் டிரிகரை இழுக்க நான்கைந்து கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோகூட இல்லை. அதன் எடையைப்போல ஐந்தாறு மடங்கு விசையை ஒரே விரல் கொடுக்கும்போது துப்பாக்கி எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலோடு மற்ற மூன்று விரலும் சேர்ந்து இறுகினால், மாட்டு மடியில் பால் கறக்கும் கை மாதிரி, முனை கீழே இறங்கும். புதியவர்களின் குண்டு போகும் இடமும் அதுதான்.

முனை எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு தப்பும்? முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் அரை மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் குண்டு நான்கு சென்டிமீட்டர் விலகும், இருபத்தைந்து மீட்டரில் பத்து சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, கை மொத்தமாக அரை மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் அரை மில்லிமீட்டர்தான் ஆடும். கை ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம். யாருக்கும் கை ஆடாமல் நிற்காது. அந்த ஆட்டத்தைக் கண்டு, "இப்போ நடுவுல இருக்கு, அழுத்து" என்று விரல் பாய்வதுதான் கெடுக்கிறது.

சரியான இழுப்பு எப்படி இருக்கும்? சிங்கிள் ஆக்‌ஷனில் விரல் நுனியின் சதைப்பகுதி டிரிகரில் இருக்கட்டும். டபுள் ஆக்‌ஷனில் பலம் போதாதென்றால் முதல் கணு வரை உள்ளே விடலாம். நேராகப் பின்னோக்கி, ஒரே வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். கிணற்றில் நிறைகுடம் இழுப்பவர் கயிற்றை விட்டுவிட்டு இழுக்க மாட்டார். அந்தச் சீரான இழுப்புதான் இதிலும். எந்த நொடி வெடிக்கும் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. வெடித்த பிறகும் விரலை உடனே எடுக்காமல் ஒரு நொடி பின்னாலேயே வைத்திருங்கள்.

இதற்குத் தோட்டா செலவழிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் தோட்டா கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. வீட்டில் தினமும் பத்து நிமிடம் காலி இழுப்பு போதும். தோட்டாவெல்லாம் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, உறுதியான வெற்றுச் சுவரை நோக்கி நில்லுங்கள். டம்மி தோட்டா போட்டுக்கொண்டால் ஹேமருக்கும் ஃபயரிங் பின்னுக்கும் நல்லது. .22 ரிம்ஃபயர் ரிவால்வர் என்றால் டம்மி இல்லாமல் காலியாக இழுக்கவே கூடாது, ஃபயரிங் பின், அறையின் விளிம்பில் அடித்து இரண்டும் கெடும். சுவரில் குறி எதுவும் வேண்டாம். முன் சைட்டை மட்டும் பார்த்து இழுங்கள். ஹேமர் விழும் நொடியில் அது அசைந்ததா என்று கவனியுங்கள். வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு பேரல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். வைப்பவர் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும், முனைக்கு முன்னால் வரக் கூடாது. நாணயம் விழாமல் தொடர்ந்து பத்து முறை இழுக்க முடிந்தால் ரேஞ்சுக்கு வாருங்கள்.

பயம் எங்கே தெரியும்

வெடிச் சத்தத்துக்கும் துள்ளலுக்கும் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். கண் சிமிட்டும், தோள் இறுகும், மணிக்கட்டு கீழே தள்ளும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அதே நொடியில் துப்பாக்கி துள்ளி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ரிவால்வரின் பெரிய வசதி, இதைக் காட்டிக்கொடுக்க ஒரு எளிய வழி அதிலேயே இருப்பது. ஆறு அறையில் மூன்றில் தோட்டா, மூன்றில் சுட்ட காலிக் கேஸ். எது எங்கே என்று தெரியாதபடி பக்கத்தில் இருப்பவர் போட்டுத் தரட்டும். ஒவ்வொரு முறையும் வெடிக்கும் என்றே நினைத்துச் சுடுங்கள். காலிக் கேஸ் வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் முனை குப்பென்று கீழே குனியும். குடியாத்தத்துத் தம்பிக்கு முதல் காலிக் கேஸிலேயே முனை ஒரு அங்குலம் இறங்கியது. அவர் முகம் மாறியதை இன்றும் நினைக்கிறேன். யாரும் சொல்லித் திருத்த முடியாததை அந்தக் காலிக் கேஸ் சொல்லிவிட்டது.

வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. பட்டாளத்தில் வருடக்கணக்கில் சுட்டவர்களுக்கும் நீண்ட இடைவெளிக்குப் பின் இது திரும்பி வரும். மருந்து ஒன்றுதான்: ஐந்து காலிக்கு ஒரு தோட்டா, பிறகு நான்குக்கு இரண்டு. முனை குனியாத வரை ஏற்றிக்கொண்டே போங்கள். குனிந்தால் மறுபடி ஐந்துக்கு ஒன்று. காது மஃபுக்கு உள்ளே நுரை அடைப்பானும் சேர்த்துப் போட்டால் பாதிப் பயம் அப்போதே போய்விடும்.

கண்

டார்கெட், முன் சைட், பின் சைட் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கக் கண்ணால் முடியாது. முன் சைட் மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். டார்கெட் மங்கலாக இருந்தால் நீங்கள் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். முன் சைட்டின் தலை, பின் சைட்டின் இரண்டு தோளோடு ஒரே மட்டத்தில்; இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இது கடினம். படிக்கும் கண்ணாடி ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும், முன் சைட்டோ கை நீட்டிய தூரத்தில். துப்பாக்கியைப் பிடிப்பதுபோலக் கையை நீட்டி, கண்ணிலிருந்து முன் சைட் வரும் இடம் வரை நூலால் அளந்துகொண்டு போய்க் கண் மருத்துவரிடம் அந்த அளவைச் சொல்லுங்கள். வேலூர் ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் கண்ணைச் சோதிக்காமல் துப்பாக்கியைக் குறை சொல்ல வேண்டாம்.

நம் வெயிலும் கணக்கில் வர வேண்டும். பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்கே முன் சைட்டின் விளிம்பு பளபளக்கத் தொடங்கும். அந்தப் பளபளப்பு கண்ணை ஏமாற்றி ஒரு பக்கம் இழுக்கும். கற்பூரப் புகையில் சைட்டைக் காட்டிக் கறுப்பாக்குவது பழைய வழக்கம், இன்றும் நன்றாக வேலை செய்கிறது. துப்பாக்கி காலியாக, எண்ணெய்ப் பசை துடைத்திருக்க வேண்டும். தோட்டா பக்கத்திலேயே இருக்கக் கூடாது. உள்ளங்கை வியர்வைக்கு ஒரு பருத்தித் துண்டு. முடிந்தவரை காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள்.

பிடி

உள்ளங்கையின் வளைவு, கைப்பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே, ஹேமருக்கு வழிவிட்டு. கான்பூர் .32-ன் கைப்பிடி சிறியது. பெரிய கைக்காரர்களுக்குச் சுண்டு விரல் அடியில் தொங்கும். தொங்கட்டும். இரண்டு குண்டுக்கு நடுவே பிடியை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். துள்ளலில் பிடி நழுவுகிறதென்றால் தொடக்கத்திலேயே தளர்வாகப் பிடித்திருக்கிறீர்கள்.

இயந்திரம்

மூட்டைமேல் சுட்டும் சிதறினாலோ, ஓர் அறை தனித்து ஓடினாலோதான் இந்தப் பகுதிக்கு வாருங்கள். முதல் வேலை சுத்தம். பேரலின் பின்வாயில், சிலிண்டரிலிருந்து குண்டு நுழையும் புனல் போன்ற இடத்தில், ஈயம் படியும். பித்தளை பிரஷ்ஷும் துப்பாக்கிக்கான சால்வென்ட்டும் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஈயத்தின் சாம்பல் நிறம் மறையும் வரை தேயுங்கள். ஆறு அறையின் உள்ளும், காலிக் கேஸை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியிலும் கரி சேர்ந்திருக்கும். அந்தத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று சிக்கினாலே சிலிண்டர் இறுகிவிடும்.

பிறகு காலித் துப்பாக்கியில் ஹேமரை மெதுவாக இழுத்து, முழுதும் பின்னால் வரும்போது சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் பாருங்கள். நடுவில் மடிந்து திறக்கும் மாடல்களில் மேல் பூட்டு தேய்ந்து பேரல் ஆடுகிறதா என்றும் பாருங்கள்; பின் சைட் அந்தப் பூட்டின் தலையிலேயே இருந்தால், பூட்டு ஆடும்போது சைட்டும் ஆடும். பேரல் முனையில் கீறலோ நசுங்கலோ இருக்கிறதா என்பதும் முக்கியம், ஏனென்றால் குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அது. சுடும்போது பக்கத்தில் நிற்பவர்மேல் படும் அளவுக்கு ஈயத்துணுக்கு தெறிக்கிறதென்றால் அறை பேரலுக்கு நேரே நிற்காமல் இருக்கலாம். அன்றே சுடுவதை நிறுத்துங்கள். இவற்றைத் திருத்துவது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் வேலை. லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

துரு பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் இருக்கும் நம் பக்கத்தில் தோல் உறைக்குப் பஞ்சமில்லை. உறை நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் ஈரமும் இரும்பை அரிக்கும். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துவிட்டு மாதங்கள் கழித்துத் திரும்ப வாங்கும் துப்பாக்கியையும் அப்படியே சுடாமல், பேரலைத் துடைத்து உள்ளே பார்த்துவிட்டு, மூட்டைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

தோட்டா மாறினாலும் குண்டு விழும் இடம் மாறும். கைத்துப்பாக்கியில், குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே முனை கொஞ்சம் எழும்பத் தொடங்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் கனமான குண்டு அந்த எழுச்சியில் அதிக நேரம் இருப்பதால், அருகில் உள்ள டார்கெட்டில் மேலே விழும். ஒரு பெட்டித் தோட்டாவை வைத்து முடிவெடுத்துவிட்டு வேறு பெட்டியில் சுட்டுக் குழம்பாதீர்கள்.

கடைசியில் சைட்

மூன்று வெவ்வேறு நாட்களில், ஒரே வகைத் தோட்டாவில், மூட்டைமேலும் கையிலும் குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, அந்த இடம் நடுவாக இல்லை என்றால் மட்டும் சைட். அதற்கும் முன் குறி வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். சில துப்பாக்கிகள் கறுப்பு வட்டத்தின் அடியில் வைத்தால் நடுவில் அடிக்கும்படி அமைந்திருக்கும். அதை நடுவிலேயே வைத்தால் குண்டு மேலே போவது துப்பாக்கியின் குற்றமாகாது.

நகரும் பின் சைட் என்றால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முன் சைட் இதற்கு நேரெதிர்: அதன் உயரத்தைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது. குண்டு தப்பிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, டார்கெட் தூரத்தால் வகுக்க வேண்டும். பத்து மீட்டரில் 60 மில்லிமீட்டர் கீழே விழுகிறது, சைட் தூரம் 120 என்றால் 0.72 மில்லிமீட்டர். பழுது பார்ப்பவரிடம் பாதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சுட்டுப் பார்த்துவிட்டு மீதி.

குடியாத்தத்துத் தம்பி தன் ரிவால்வரை உரிமம் பெற்ற கடையில் காட்டினார். நான்காவது அறையைச் சுழற்றும் பல்லில் பிசிறு இருந்ததைச் சரிசெய்து கொடுத்தார்கள். காலிக் கேஸ் பயிற்சி இரண்டு மாதம் நடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் நின்றபடி, டபுள் ஆக்‌ஷனில், பத்து மீட்டரில் ஆறு சுட்டார். ஐந்து கறுப்புக்குள், ஒன்று விளிம்பில். விளிம்பில் விழுந்தது எத்தனையாவது குண்டு என்று கேட்டேன். நோட்டைப் பார்க்காமலே, "ரெண்டாவது சார், இழுக்கும்போதே தெரிஞ்சிடுச்சு" என்றார்.